இருபத்தேழு குப்பிகள்

“இது துப்பல்தான் தம்பி, வேறொண்டுமில்லை,” என்று மூன்றாம் முறையாகச் சொன்னாள் சின்னம்மா.

சோதனைச் சாவடிச் சிப்பாய் நம்பவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்த சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தான், மோந்தான், மணலில் கவிழ்த்தான். முப்பத்தொரு குப்பிகள்!

பார்த்துக்கொண்டு நின்ற வதனிக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

அது போர்க்காலம். சல்லி என்ற கடற்கரை ஊரிலிருந்து திருகோணமலைப் பட்டணத்துக்குப் போவதென்றால் பைகளைத் திறந்து காட்டத்தான் வேண்டும். அது பழகிப்போன விஷயம். ஆனால் இந்தக் குப்பிகளுக்காக அவளும் சின்னம்மாவும் இரண்டு நாள் வீடு வீடாய் அலைந்திருந்தார்கள்.

சின்னம்மா ராசமலர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். “வாய்ப் புற்றுநோய் வெளியில தெரியிறதுக்கு முந்தியே, மரபணுவில சின்னச் சின்னப் பிழைகள் வரும். அதை எச்சில்ல கண்டுபிடிக்க ஏலுமோ எண்டு பாக்கிறம். ஏலுமெண்டா கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்,” என்று வதனிக்குச் சொல்லியிருந்தாள்.

வதனியின் அப்பா நிறைய வெற்றிலை போடுவார். அவருக்கு நோயைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. அவர் இறந்து ஒரு வருடம்.

“வா பிள்ளை, போவம். இனி ஆர் திரும்பத் தருவினம்?” என்றபடி சின்னம்மா வெறும் குப்பிகளைப் பொறுக்கினாள்.

“நான் வரமாட்டன்!” வதனி சிப்பாயைப் பார்த்துக் கத்தினாள். “துப்பலெண்டு சொன்னா நம்பமாட்டீங்களோ? அப்ப எல்லாரையும் இஞ்சயே கூட்டிக்கொண்டு வாறன். உங்கட கண்ணுக்கு முன்னாலயே துப்பட்டும்!”

சின்னம்மா பயந்துபோய் அவள் கையைக் கிள்ளினாள். சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டு, “சரி, கூட்டி வா,” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்தச் சிரிப்பு அவள் கோபத்தை இன்னும் கூட்டியது. ஒரே ஓட்டமாக ஓடினாள்.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், முதலில் குப்பியில் துப்பிக் கொடுத்தவர்களில் ஒருவரான காசிநாதர்.

“என்ன? எங்கட துப்பலை மண்ணில ஊத்தினவனோ?” என்று துள்ளி எழுந்தார்.

“ஓம் மாமா! வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வாங்கோ. அரை மணித்தியாலம் வெத்திலை போடக்கூடாது.”

“அரை மணித்தியாலமோ! அவன் ஊத்தினதைவிட இது பெரிய அநியாயமடி!”

சிலர் பயந்து வரவில்லை. இருபத்தாறு பேர் வந்தார்கள். காசிநாதர் மீன் பெட்டியிலிருந்து புது ஐஸும் கொண்டு வந்தார். சாவடிக்கு முன்னால், கொளுத்தும் வெயிலில் நீள வரிசை. சின்னம்மா புதுக் குப்பிகளை எடுத்து நீட்டினாள்.

வள்ளியம்மா மாமி சிப்பாயின் முகத்தைப் பார்த்தபடியே துப்பினார். “வடிவாப் பாரும் தம்பி. என்ன, குண்டு கிண்டு தெரியுதோ?”

வரிசை முழுக்கச் சிரித்தது. சிப்பாயின் காதுகள் சிவந்தன. வதனி மட்டும் சிரிக்கவில்லை. பெயர்களை எழுதிய பேனையை அவள் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

கடைசிக் குப்பியையும் மூடும்போது சிப்பாய் மெல்லக் கிட்ட வந்தான். தன் வாயைக் காட்டினான். பற்கள் செக்கச் சிவப்பாக இருந்தன.

“நானும்... வெத்தில... ஒவ்வொரு நாளும்,” என்றான் தட்டுத் தடுமாறி. “எனக்கும் பாக்கலாமா?”

வதனி அவனை முறைத்தாள். கோபம் கொஞ்சமும் போகவில்லை. ஆனாலும் பையிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்தாள்.

“உங்கட பேரைச் சொல்லுங்கோ,” என்றாள். “பிழையில்லாமல் எழுதவேணும்.”