கெஸ்ட் ஹவுஸ் படிக்கல்

சமயபுரம் சாலையிலிருந்து பிரிந்து கொள்ளிடக் கரைப் பக்கம் போகும் மண்பாதையில் கார் திரும்பியதுமே புரோக்கர் கிளமென்ட் ஆரம்பித்துவிட்டார்.

"வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் சார். எல்லாம் தேக்கு உத்தரம். பெரிய பங்களா, தனியா ஒரு கெஸ்ட் ஹவுஸ், சுத்தி மூணு ஏக்கர் தோப்பு. இந்த மாதிரி ஒண்ணு திருச்சி சுத்துவட்டாரத்துலயே கிடையாது."

தான் காட்டுகிற எல்லா இடத்துக்கும் அவர் இதையேதான் சொல்வார். தொழில் அப்படி.

பின் சீட்டில் ரஞ்சனி வயிற்றின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை மூன்று மாதம்கூடத் தாண்டாமல் கலைந்துபோனது. பாலக்கரையில் அவர்கள் இருப்பது, பக்கத்து வீட்டுத் தாளிப்பு படுக்கையறை வரைக்கும் வந்து தும்ம வைக்கிற வீடு. இந்தப் பிள்ளையாவது மண்ணில் ஓடி விளையாடட்டும் என்று அவளுக்கு ஆசை. மாசமாக இருக்கும்போது வீடு பார்க்கப் போகாதே என்று தடுத்தவர்களிடம், "பாக்கத்தானே போறேன், பால் காய்ச்சவா போறேன்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

பங்களா நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. சிவப்புத் தரை, ஆள் உயர ஜன்னல்கள், உள்ளே வௌவால் நாற்றம். அவள் கணவன் சிவசங்கர் கிளமென்ட்டோடு மாடிக்குப் போனான்.

"நீ ஏறாத ரஞ்சி. நிழலா பாத்து உக்காரு, வந்துடறேன்."

அவள் மெல்ல நடந்து மாமரத்தைத் தாண்டி கெஸ்ட் ஹவுஸ் வாசலுக்கு வந்தாள். இரண்டு அறை உள்ள ஓட்டுக் கட்டடம். வாசற்படியாக ஒரே நீளக் கருங்கல் கிடந்தது. கதவின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டு, அந்த வாசலுக்குப் பொருந்தாமல் கிடந்தது. நடுவில் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இடுப்பு வலிக்கவே அதன்மேல் உட்கார்ந்தாள். வெயில் சுட்டெரிக்கிற மூன்று மணிக்கு அந்தக் கல் சில்லென்று இருந்தது.

காக்கை சத்தம் நின்றுபோயிருந்ததை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். எங்கிருந்தோ விறகுப் புகை வாசனை வந்தது. பிறகு ஒரு சத்தம். யாரோ மூச்சு வாங்க வாங்க, நாலு அடிக்கு ஒருதரம் நின்று நின்று நடக்கிறார்கள்.

கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் பெரிய விறகுக் கட்டு. அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். கட்டின் நிழலில் முகம் தெரியவில்லை. வயிறு தெரிந்தது.

நிறைமாசம்.

"ஒரு கை குடு தாயி," என்றாள், மூச்சுக்கு நடுவே. "இறக்கி வைக்கணும்."

தலைச்சுமையோடு நிற்பவர் இப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் வண்டியை நிறுத்தி ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ரஞ்சனியும் தன் வயிற்றை மறந்து எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுங்கக்கா. நான் வாங்கிக்கிறேன்."

பாரம் இறங்கியது.

கைகளில் ஒன்றும் வரவில்லை.

அடிவயிற்றில் இறங்கியது. கால்கள் மடங்கி அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது எதிரே யாரும் இல்லை. புழுதியில் அவளுடைய செருப்புத் தடம் மட்டும் இருந்தது.

அவள் கூப்பிட்ட குரலுக்கு இருவரும் ஓடி வந்து நடந்ததைக் கேட்டார்கள். "விறகு பொறுக்க யாரும் உள்ள வர முடியாது மேடம், கேட்டு பூட்டியிருக்கே," என்றார் கிளமென்ட். சிவசங்கர் அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தான்.

"என்ன ரஞ்சி, திடீர்னு இவ்ளோ கனக்கிற?"

கேலியாகத்தான் ஆரம்பித்தான். இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கியும் அவள் எழ முடியாமல் போனபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

எப்படியோ கேட்டுவரை கொண்டுவந்தார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராக்கம்மாள், பாதையோரத்தில் புதிதாக மண் நிரவிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஊர்க்காரி.

"இங்க இருந்த சுமைதாங்கி எங்க சார்?"

"கார் திரும்ப இடைஞ்சலா இருந்துச்சு, ஜேசிபி விட்டுப் பள்ளத்துல தள்ளிட்டேன்," என்றார் கிளமென்ட். "மேல படுக்கையா கிடந்த கல்லு நல்ல கல்லு. வீணாக்குவானேன்னு கெஸ்ட் ஹவுஸுக்குப் படியா போட்டுட்டேன்."

ராக்கம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். "அது வெள்ளையம்மாளுக்கு நட்ட கல்லு. இங்க வந்து தங்குற விருந்தாளிங்களுக்கு வெந்நீர் போட விறகு சுமந்தவ. நிறைமாசத்துலயும் சுமக்க விட்டாங்க. அந்த வாசல்லயே விழுந்து, வயித்துல புள்ளையோட போயிட்டா. புள்ளத்தாச்சியா போனவளுக்குப் பாரம் இறங்காது. அதுக்குத்தானே சுமைதாங்கி நடுறது. இத்தனை வருஷமா அவ அதுலதான இறக்கி வச்சிட்டிருந்தா!"

பிறகு ரஞ்சனியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கேட்டாளா?"

ரஞ்சனி தலையசைத்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"நான் வாங்கிக்கிறேன்னு," என்றாள் ரஞ்சனி. ராக்கம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

மறுநாளே சிவசங்கர் ரஞ்சனியையும் நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். பள்ளத்தில் கிடந்த இரண்டு கால்கற்களையும் எடுத்து பழைய இடத்திலேயே நட்டு, படிக்கல்லைப் பெயர்த்து அவற்றின்மேல் ஏற்றி, மஞ்சள் குங்குமம் வைத்தான். அவன் பொறியியல் படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன். அன்றைக்கு ஒன்றும் விடாமல் செய்தான். ரஞ்சனி அந்தக் கல்லின்மேல் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு கெஞ்சினாள்.

"இங்கயே வச்சிடறேன்க்கா. எடுத்துக்கோங்க. எனக்கு என்னோடது மட்டும் போதும்."

வெகுநேரம் நின்றார்கள். யாரும் வரவில்லை. கல் இப்போது வெயிலில் சாதாரணமாகச் சுட்டது.

வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாரம் குறையவில்லை. நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கித்தான் ரஞ்சனியால் நடக்க முடிந்தது. அப்படி நிற்கும்போதெல்லாம் சிவசங்கர் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்த வாரம் தென்னூரில் டாக்டர் ஸஹ்ரா ஸ்கேன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"போன மாசம் நான்தானே பாத்தேன்?"

"ஆமா டாக்டர்."

"ஒண்ணுதானே இருந்துச்சு?"

ஸஹ்ரா கருவியின் சத்தத்தைக் கூட்டினார். ஒரு துடிப்பு வேகமாக, குதிரை ஓடுவதுபோலக் கேட்டது. ரஞ்சனிக்குத் தெரிந்த துடிப்பு அது. அதன் பின்னால் இன்னொன்று கேட்டது. மெதுவாக. நாலு துடித்து ஒருதரம் நின்று, மறுபடி நாலு.

குளிரூட்டிய அந்த அறையில் விறகுப் புகை வாசனை வந்தது.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று ரஞ்சனி கேட்டாள். ஸஹ்ரா திரையை அவள் பக்கம் திருப்பவில்லை. ஆனால் சுவரோரம் நின்ற சிவசங்கருக்கு அது தெரிந்தது. ஒரு குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது.

அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த மற்றொன்றின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் உயர்ந்து, எதையோ பிடித்தபடி இருந்தன.