எட்டாம் எண் வில்லை

காலை ஐந்தே முக்காலுக்குப் படகின் மேல்தளத்துக்கு ஏறி வந்தவள், வழக்கம்போல முதலில் எண் வில்லைகள் தொங்கும் பலகையைத்தான் பார்த்தாள். எட்டாம் எண் வில்லை ஈரமாக இருந்தது. அதன் அடியில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்து, மறுபடி திரண்டது.

இரவில் மழை பெய்யவில்லை. பலகை கூரைக்கு உள்ளே, ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. அலை எவ்வளவு எம்பினாலும் அங்கே தெறிக்காது. மற்ற எட்டு வில்லைகளும் நன்றாகக் காய்ந்து கிடந்தன. தோளில் கிடந்த துண்டால் எட்டாம் எண்ணை அழுத்தித் துடைத்தாள். டீசல் வாடைக்கும், கொக்கிகளில் தொங்கிய ரப்பர் உடைகளின் புளித்த வாடைக்கும் நடுவே வேறொரு வாடை எழுந்தது. பல நாள் தண்ணீர் மாற்றாத மீன்தொட்டியின் மூடியைத் திறந்தால் வருமே, அது. கையை மோந்து பார்த்தாள். கையில்தான் இருந்தது. நிமிர்ந்தபோது வில்லையில் இன்னொரு சொட்டு திரண்டிருந்தது.

அந்தப் படகில் பலகை அவள் ராஜ்யம். ஆறு நாள் பயணம், ஆறே விருந்தாளிகள். படகிலேயே தூக்கம், படகிலேயே சாப்பாடு, காலையில் யோகா, பகலில் கடலுக்கடியில் ஆமையும் திருக்கையும் பார்ப்பது. தண்ணீரில் இறங்குகிறவர் தன் எண் போட்ட வில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்பிவிட்டு இறங்க வேண்டும். ஏறியதும் தன் கையாலேயே வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். படகு நகரும் முன்னால் அவள் கணவன் எண்களை உரக்கக் கூப்பிடுவான். அவரவர் வாயால் 'இருக்கேன்' என்று சொன்னால்தான் ஆள் ஏறியதாக அர்த்தம். "பொண்டாட்டிக்குப் பதிலா புருஷன்கூட வாயைத் திறக்கக் கூடாது" என்று ஒவ்வொரு பயணத்தின் முதல் நாளும் அவன் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள். கடலுக்குள் வழிகாட்டி அவன்தான். விருந்தாளிகளுக்கு அவன் மாஸ்டர், அவள் அக்கா. ஒன்பது வருஷத்தில் பலகை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

நேற்று மாலை தப்பியது. தப்ப வைத்தவளே அவள்தான்.

யோகா டீச்சர் இந்த சீசனுக்குத்தான் புதிதாக வந்தவள். அதுவரை காலையில் விருந்தாளிகளைக் கைகால் நீட்ட வைத்தது இவள். நாலு ஆசனம், ஒரு டம்ளர் வெந்நீர், தீர்ந்தது வேலை. டீச்சரோ சிலிண்டர் இல்லாமல், ஒரே மூச்சில், பின்தளத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துப் பதினெட்டு மீட்டர் இறங்கி, அடிமணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு ஏறி வருவாள். நாலு நிமிஷம். "உனக்கு எங்கயோ செவுள் இருக்கு, மறைச்சு வெச்சிருக்கே" என்று அவள் கணவன் டீச்சரிடம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அது அவளுடையது. நடுவில் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தாள். பாவி, பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறான். வயிறு எரிந்தது. அதற்கு வேறு நாசூக்கான வார்த்தை கிடையாது.

முதல் நாள் டீச்சர் வில்லையைத் திருப்ப மறந்து குளிக்கப் போய்விட்டாள். கேட்டு வரக் கீழே போன கணவன், அறைக் கதவோரம் சாய்ந்து பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்ததை அவள் ஏணிக்கு மேலிருந்து பார்த்தாள். நேற்றும் எல்லோரும் ஏறிய பிறகு எட்டு மட்டும் சிவப்பாகவே நின்றது.

"எட்டு?" அவன் இரண்டு தரம் கூப்பிட்டான். "மறுபடி மறந்துட்டாளா? இரு, கீழ பாத்துட்டு வரேன்."

சொல்லிவிட்டு, ஈரத் தலைமுடியை விரலால் கோதிவிட்டுக்கொண்டான். அந்தக் கோதல்தான். கோதாமல் போயிருந்தால் பேசாமல் விட்டிருப்பாளோ என்னவோ.

"ரூம்லதான் இருக்கா. தலைவலியாம், எழுப்ப வேணாம்னு சொன்னா" என்று சொல்லி, எட்டாம் எண்ணைத் தன் கையாலேயே வெள்ளைக்குத் திருப்பினாள். கீழே இருக்கிறாள் என்று நம்பித்தான் சொன்னாள். அவனும் நம்பினான். நங்கூரம் ஏறியது. படகு மூன்று மணி நேரம் ஓடியது.

சாப்பாட்டு மேசையில் டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. கீழே போய்க் கதவைத் தட்டினாள். திறந்து பார்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. துண்டு மடித்தது மடித்தபடி, காய்ந்து கிடந்தது. அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தினால் கணவன் படகைத் திருப்புவான். திருப்பும்போது, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பான். எல்லோர் முன்னாலும் என்ன சொல்வது? நீ தலையைக் கோதினாய் என்றா? மேல்தளத்தில் எங்காவது படுத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினாள். விடியும்வரை இமை மூடவில்லை.

அதனால், இப்போது பலகையை விட்டுத் திரும்பியபோது, விரித்த பாய்களுக்கு நடுவே டீச்சர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஏணியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அதே மஞ்சள் நீச்சலுடை. ஈரத் தலை. போன உயிர் திரும்பி வந்தது. சண்டாளி, பிழைத்துக் கிடக்கிறாள்! ஒரு நிமிஷம் அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

"எப்படி ஏறினே நேத்து? நான் பாக்கவே இல்லையே?"

டீச்சர் முகத்தைத் திருப்பினாள். உதட்டில் சிரிப்பு இருந்தது. "நீங்கதானே அக்கா என்னை ஏத்தினீங்க."

விருந்தாளிகள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து பாய்களில் உட்கார்ந்தார்கள். கணவனும் வந்தான், முதல் வரிசையில். கிழக்கே கடல் ஈயம் பூசிய மாதிரி அசையாமல் கிடந்தது. படகின் அடியில் மட்டும் தண்ணீர் தளக், தளக் என்று தட்டியது. "உள்ள இழுங்க" என்றாள் டீச்சர். ஏழு மூக்குகள் இழுத்தன. டீச்சர் வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே தூக்கினாள். "நிறுத்துங்க."

பலகையடியில் நின்றவள் எல்லோருடைய நெஞ்சையும் பார்த்தாள். பல் டாக்டரின் தொப்பை உப்பி நின்றது. அவர் மனைவியின் கழுத்து நரம்பு புடைத்தது. சிலிண்டரோடு இறங்குகிறவர்கள் மூச்சை நிறுத்தவே கூடாது, நிறுத்திக்கொண்டு மேலே வந்தால் உள்ளே காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடும் என்று தொண்டை வற்றப் பாடம் நடத்துகிறவன் அவள் கணவன். அவனே பரீட்சை எழுதும் பையன் மாதிரி கன்னம் சிவக்க நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சரின் கை இறங்கவில்லை. மஞ்சள் துணி அசையவில்லை. முன்னால் இழுத்தபோதும் அசையவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. டீச்சரின் பாயிலிருந்து தண்ணீர் மெல்ல ஊர்ந்து, தளத்து மரச்சட்டங்களின் இடுக்குகளைத் தாண்டி, அவள் கால் கட்டைவிரலைத் தொட்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

பல் டாக்டர் இருமிக்கொண்டு சரிந்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் மூச்சை விட்டார்கள், சிரித்தார்கள், கை தட்டினார்கள். உதடு நீலம் பாரித்திருந்த டாக்டர் மனைவி, "இன்னிக்கு மாதிரி ஒரு நாளும் வரல டீச்சர்" என்றாள்.

அன்று முழுக்க அவள் டீச்சரைக் கண்ணால் பின்தொடர்ந்தாள். மத்தியான வெயில் தகரத்தைப் பழுக்கக் காய்ச்சியபோதும் அந்தத் தலைமுடி காயவில்லை. சாப்பாட்டுத் தட்டில் சோறு அப்படியே இருந்தது, தண்ணீரில் மிதந்தபடி. டீச்சர் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் ஈரம். அந்த ஈரத்தைத் தாண்டித் தாண்டி அவள் கணவன் டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். காலி சிலிண்டர்களை நிரப்பும் கம்ப்ரசர் பக்கத்தில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏங்க, அவளை நல்லா கவனிச்சீங்களா? அவ மூச்சே விடல."

"அதானே அவ திறமை."

"அந்த மாதிரி இல்லைங்க. விடவே இல்ல."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மூணு நாளா பாக்கறேன். உனக்கு அவளைக் கண்டாலே ஆகல. என்ன ஆச்சு உனக்கு?"

சொல்வதென்றால் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். அவன் தலையைக் கோதியபடி மேலே போனான்.

மறுநாள் காலை பலகையிலிருந்து ஈரக் காலடிகள் இறங்கி அவள் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

அன்று சாப்பாட்டின்போது டீச்சர் சொன்னாள், "முந்தாநாள் சாயங்காலம் போன பாறைக்கே போலாமே. திருக்கை மறுபடி வரும்." விருந்தாளிகள் எல்லோரும் கை தூக்கினார்கள். கேப்டன் படகைத் திருப்பினார். மூன்று மணி நேரம் இன்ஜின் அதிர்வில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிப் பார்த்துவிடுவது. கீழே வெறும் மணல் என்றால், எல்லாம் தன் எரிச்சல் பிடித்த மனசு கட்டிய கதை. ஏறி வந்து கணவனிடம் பொய்யை ஒப்புக்கொண்டு, வாங்குகிற திட்டை வாங்கிக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கலாம். வெறும் மணல் இல்லை என்றால்... அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மாலை வெயில் சாய்ந்தபோது கணவன் விருந்தாளிகளோடு இறங்கத் தயாரானான். "கயித்தோரமா நானும் ஒரு ஆமையைப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

"அதிசயமா இருக்கே! போயிட்டு வா. அப்ப பலகையை யாரு பாப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன் அக்கா" என்றாள் டீச்சர், அவள் காதுக்குப் பின்னாலிருந்து. அவ்வளவு பக்கத்தில் பேசியும் கழுத்தில் மூச்சுக் காற்று படவில்லை.

அவள் ஒன்பதாம் எண்ணைச் சிவப்புக்குத் திருப்பினாள். சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கயிறு பாசி பிடித்து வழவழத்தது. மேலே இருந்த ஆரஞ்சு வெளிச்சம் முதலில் பச்சையானது, பிறகு சாம்பல். காதுக்குள் அவள் மூச்சு மட்டும்: இழுக்கும்போது உலோகத்தின் உரசல், விடும்போது குமிழிகளின் கலகலப்பு. ஐந்து மீட்டர். பத்து. சின்ன மீன்களின் கூட்டம் ஒன்று கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து விலகியது, கீழே போகவில்லை. பதினைந்து. குளிர். டார்ச்சைப் போட்டாள்.

மணல். கயிற்றின் முனையில் கட்டிய இரும்புக் குண்டு. மேலேயிருந்து வந்த கயிறு, அறுந்து கிடந்த பழைய கயிற்றில் சிக்கியிருந்தது.

பழைய கயிற்றின் சுருக்கில் ஒரு கால்.

சம்மணம் போட்டிருந்தாள். மஞ்சள் நீச்சலுடை. முடி மேல்நோக்கி நின்றது. கண் திறந்திருந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

வெளிச்சம் போய் வந்தது. டீச்சரின் வலது கை மெல்ல எழும்பியது. நீரோட்டம், நீரோட்டம்தான் என்று அவள் நினைத்தாள். உள்ளங்கை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

குமிழிகளின் ஓசை நின்றது. அவளுடையது.

எப்படி ஏறினாள் என்று தெரியாது. சாம்பல், பச்சை, ஆரஞ்சு. நெஞ்சுக்குள் ஏதோ விரிந்தது. துணி கிழிகிற மாதிரி. தலை வெளியே வந்தது. வாயில் உப்பு. உப்போடு இரும்புச் சுவை. படகு இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. பின்தளத்தில் எல்லோரும் ஏறியிருந்தார்கள், துண்டால் துடைத்தபடி, திருக்கையைப் பற்றிப் பேசியபடி. கணவனின் குரல் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"ஒன்பது?"

அவள் வாயைத் திறந்தாள்.

"ஒன்பது? எங்க இவ?"

"அக்கா ரூம்லதான் இருக்காங்க" என்றாள் டீச்சர். "தலைவலியாம். எழுப்ப வேணாம்னு சொன்னாங்க." சொன்னபடியே கையை நீட்டி வில்லையைத் திருப்பினாள். வெள்ளை.

இன்ஜின் உறுமியது. அவள் தோள்பட்டியில் தொங்கிய விசிலைப் பற்களுக்கு நடுவே வைத்தாள். ஊத வேண்டும். மூச்சு உள்ளே இருந்தது. வெளியே வரவில்லை. படகு நகர்ந்தது. கணவன் தன் துண்டை எடுத்து டீச்சரின் தோளில் போர்த்தினான், என்னவோ சொன்னான், அந்தச் சிரிப்பைச் சிரித்தான். அந்த நேரத்திலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

டீச்சர் மட்டும் கடலைப் பார்த்தபடி நின்றாள், வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே தூக்கி. படகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. கை இறங்கவில்லை.