கசக்காத காபி

"அத்தை... அவரு காபியில என்ன கலக்கறீங்க?"

கங்கையம்மாளின் கையிலிருந்த கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. ஆறு வருஷமாக, வீட்டில் யாரும் எழுந்திருக்காத ஐந்து மணிக்குச் செய்துவந்த வேலை அது. இன்றைக்கு மருமகள் ஓவியா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டாள். கல்யாணமாகி முழுசாக நாலு மாதம்கூட ஆகவில்லை!

"ஒண்ணுமில்லம்மா... சுக்குப் பொடி."

"சுக்கு இவ்ளோ வெள்ளையாவா இருக்கும்?"

ஓவியா டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். அடுத்த நிமிஷம் செல்போனில் தன் அம்மாவிடம் அழுதாள். எட்டு மணிக்குள் அம்மாக்காரி அங்காளம்மாள் மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி! கல்யாணம் ஆயியும் அம்மா அம்மான்னு இவ முந்தானைய புட்ச்சிகினு கீறாரே மாப்ள, இன்னாடா சங்கதின்னு பாத்தேன். வசியப் பொடி வெச்சிக்கீறா! பெத்த புள்ளைக்கே வெச்சிக்கீறாளே, இவள்லாம் ஒரு பொம்பளையா?"

மகன் பெண்டாட்டி பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று தாயே சாப்பாட்டில் வசியம் வைப்பாள் என்பது கோவிலம்பாக்கம் பக்கத்தில் பலரும் நம்புகிற சங்கதி. அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்துத் தருகிறேன் என்று போர்டு மாட்டிப் பிழைக்கிறவர்களும் உண்டு. சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது.

கங்கையம்மாள் கூடத்தைப் பார்த்தாள். கணவர் துரைராஜ் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். நிலத்தை மனை போட்டு விற்று, ஊரில் நாலு பேர் மதிக்க வாழும் பெரிய மனுஷன், வாயைத் திறக்கவில்லை.

தெரிந்தது இதுதான். மகன் சிவகுமார் பாலிடெக்னிக் படித்தபோது, பத்தொன்பது வயதில், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு ஒரு மாதம் தூங்காமல் கிடந்தான். தாம்பரத்தில் ஒரு டாக்டர் அதற்கு மனச்சிதைவு என்று பேர் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. சர்க்கரை வியாதிக்காரங்க மாதிரி விடாம மாத்திரை எடுத்தா வேலைக்குப் போலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். ஆனா பையன்கிட்டயும் பொண்ணு வீட்லயும் மறைக்காதீங்க" என்றார்.

கங்கையம்மாள் முதல் பாதியைத்தான் காதில் வாங்கினாள். ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னாள். மகனுக்கு, "உனக்கு குணமாயிடுச்சு ராஜா, இனிமே மாத்திரை வாணாம்" என்று சொல்லிவிட்டுக் காபியில் கலந்தாள். மாதா மாதம் கிருத்திகைக்குக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போவதாகக் கிளம்பித் தாம்பரம் போய் மாத்திரை வாங்கி வந்தாள். சிவகுமாரும் மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, ஒரு நாள் லீவு போடாமல் வேலை பார்த்தான்.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் அவள் மேல் பழி இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை மகனைத் தெருவில் பைத்தியம் ஆக்கிவிடும். மருமகள் பெட்டியைத் தூக்கிவிடுவாள்...

"ஆமாம்" என்றாள் கங்கையம்மாள். "நான்தான் வெச்சேன்."

தலை துவட்டிக்கொண்டு வந்த சிவகுமார் அப்படியே நின்றான். அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிலிருந்து கங்கையம்மாள் சமையலறைப் படி மிதிக்கக் கூடாது என்று ஆனது. வாடகைக்கு விடக் கட்டிய பின்கட்டு அறையில் பாயைப் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஓவியாவும் அங்காளம்மாளும் சிவகுமாரை வசியம் எடுக்கிற ஒரு போர்டுக்காரரிடம் கூட்டிப் போனார்கள். அவர் ஏதோ பச்சைச் சாற்றைக் குடிக்க வைத்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்க வைத்து, அதிலிருந்து வந்ததென்று ஒரு மயிர்ச்சுருளைக் காட்டினாராம். தெருப் பெண்கள் கங்கையம்மாளைக் கண்டால் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். எத்தனை கல்யாணத்தில் முன்னால் நின்று ஆரத்தி எடுத்த கை அவளுடையது!

"புள்ளைக்கு மாத்திரை போய் எட்டு நாள் ஆச்சு. நீங்களாவது சொல்லுங்களேன்..." என்று கணவரிடம் கெஞ்சினாள்.

"ஊரு சிரிக்கணுமா? கம்முனு கெட" என்றார் அவர்.

பதினெட்டாம் நாள் காலை ஓவியா பின்கட்டுக்கு ஓடி வந்தாள்.

"அத்தை... மூணு நாளா அவரு தூங்கல. ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்டறாரு. குழாயில விஷம் கலக்கறாங்கங்கறாரு. எனக்கு பயமா இருக்கு அத்தை! எங்கம்மா வேற ஆளுகிட்ட காட்டலாம்னு சொல்றாங்க..."

கங்கையம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஆறு வருஷத்து மருந்துச் சீட்டுகளை அள்ளி மருமகள் கையில் வைத்தாள்.

"வசியம் இல்லம்மா... இதான். உங்கிட்ட சொல்லாம கட்டி வெச்சிட்டேன். என்னைய எது வோணா கேளு. முதல்ல அவன தாம்பரம் கூட்டினு போவலாம் வா!"

ஓவியா சீட்டுகளில் இருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நேரே போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, தெளிந்த முகத்தோடு சிவகுமார் டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தான். துரைராஜும் வந்திருந்தார். ஆனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எதிர்ச்சாரி டீக்கடையோடு நின்றுவிட்டார்.

"இவ்ளோ நாள் மாத்திரைய எப்படிக் குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"காபியில கலந்து சார்... அவனுக்கே தெரியாம..." கங்கையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்மா" என்றான் சிவகுமார்.

அவள் திடுக்கிட்டாள்.

"மொதல் வாரமே தெரியும். கசக்கும் இல்ல? உன் மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணாது. என்னால உங்களுக்கு எவ்ளோ அவமானம்னு நெனச்சு, ஒரே மடக்குல குடிச்சிடுவேன். அன்னைக்கு நீ வசியம் வெச்சேன்னு சொன்ன பாரு... அப்பவே நான் வாயத் தொறந்திருக்கணும். ஓவியா போயிடுவாளோன்னு பயந்துட்டேம்மா! உன்ன விட்டுக்குடுத்துட்டேன்..." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "இவ போட்ட காபி கசக்கல. ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. நிஜமாவே குணமாயிடுச்சுன்னு நம்பிட்டேன்..."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஓவியா எழுந்து நின்றாள்.

"நான் போயிடுவேன், நான் போயிடுவேன்னு மூணு பேரும் முடிவு பண்ணீங்களே, ஒருத்தராவது என்கிட்ட கேட்டீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன், அழுதிருப்பேன்... ஆனா உங்களப் போயி வசியக்காரின்னு தெருவுல நிக்க வெச்சிருக்க மாட்டேனே அத்தை! இந்தப் பாவத்த நான் எங்க போய்த் தொலைப்பேன்?"

"தப்பு என்னுதும்மா... உன்ன ஏமாத்தினது நானு..." கங்கையம்மாள் மருமகளின் காலைத் தொடக் குனிந்தாள். ஓவியா பதறி அவள் கைகளைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஐயோ, வேணாம் அத்தை! எனக்குக் கோவம் தீரல. தீர நாளாகும். ஆனா நாளைக்கே தெருவுல ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்லப் போறேன், எங்க அத்தை வசியம் வைக்கலன்னு."

கங்கையம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "வாணாம்மா! அதைச் சொன்னா பொடி இன்னான்னு கேப்பாங்க. புள்ள வியாதிய சொல்ல வேண்டி வரும். என் பேரு எப்படியோ போவட்டும்..."

"சொல்லட்டும்மா" என்றான் சிவகுமார்.

"உனக்கு வெக்கமா இல்லியாடா?"

"வெக்கமாத்தான் இருக்கு. ஆனா உன்ன வசியக்காரின்னு கூப்பிடறப்ப வர்ற வெக்கத்துக்கு இது ஒண்ணுமே இல்லம்மா."

ஓவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீக்கடையில் நிற்கும் மாமனாரைக் கூட்டிவர வெளியே போனாள். கங்கையம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு, அடுத்த பேஷண்ட் காத்திருக்கிறார் என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அழுதாள்.