நாலு கார்டு, எட்டுத் துண்டு!

"ஐயோ... கொலை! கொலை!"

அச்சகமே அதிர்ந்தது.

மேஜை மேல் ஒரு கிரெடிட் கார்டு இரண்டு துண்டாகக் கிடந்தது.

அலறியவன் டிசைனர். வெட்டியவனும் அவனேதான்!

பாவம், வேறென்ன செய்வான்? மேனேஜர் வாட்ச் வாங்கினார் என்று அவனும் வாங்கினான். சகலை வீட்டு டி.வி.யைப் பார்த்து, அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கினான். தவணைகள் கழுத்தை நெரித்தன. இன்று மதியம் அச்சகமே குடும்பத்தோடு தீவுச் சுற்றுலாவுக்குக் கார்டு தேய்க்கப்போகிறது. 'என்னால முடியாது' என்று சொன்னால் மானம் கப்பலேறிவிடும். கார்டே இல்லையென்றால்...?

அப்போதுதான் அது நடந்தது.

"ஐயோ, என் கார்டும் போச்சு!" பைண்டர்.

"என்னுதும்!" மெஷின்மேன்.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார். "என்னுதையும் வெட்டிட்டான்யா! போலீசுக்குப் போன் பண்ணிட்டேன்!"

டிசைனருக்கு வியர்த்தது.

'நான் என்னுதை மட்டும்தானே வெட்டினேன்... மத்ததை வெட்டினது யாரு?'

பெண் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"பர்ஸ்ல பணம் இருக்கா?"

"அப்படியே இருக்கு மேடம்!" என்றார் மேனேஜர்.

"பணத்தை விட்டுட்டு கார்டை வெட்டறானா? ரொம்ப நல்ல திருடனா இருக்கானே!"

எட்டுத் துண்டுகளையும் வெளிச்சத்தில் பரப்பினார்.

"இது கத்தரிக்கோல். இதுல பசை ஒட்டியிருக்கு... பைண்டிங் கத்தி. இது நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு... கட்டிங் மெஷின். இது கையால ஒடிச்சது. மேனேஜர் சார், கட்டை விரல்ல என்ன பிளாஸ்திரி?"

மேனேஜர் கையைப் பின்னால் மறைத்தார்.

"ஒரு திருடனுக்கு எதுக்கு நாலு ஆயுதம்? உண்மையைச் சொல்லலைன்னா எல்லாரையும் ஸ்டேஷனுக்கு..."

"நான்தான் மேடம்!" டிசைனர் உடைந்தான். "ஆனா என்னுதை மட்டும்தான்! கடன்ல மூழ்கிட்டேன். இவங்க முன்னாடி சொல்ல வெட்கமா இருந்தது..."

"நானும்தான்..." பைண்டர் முனகினான்.

"நானும்..." மெஷின்மேன்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "நீங்கள்லாம் ஆசைப்படறீங்கன்னுதான்யா நான் டூருக்குச் சரின்னேன்!"

"நீங்க ஆசைப்படறீங்கன்னுதான் சார் நாங்க சரின்னோம்!"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வெடித்தது சிரிப்பு! டிசைனருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இத்தனை நாள் தான் மட்டும்தான் ஏழை என்று நினைத்திருந்தானே!

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

எழுந்தார். கதவைத் தாழிட்டார்.

நால்வரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்கள்.

"மேடம்... கைது பண்ணப் போறீங்களா?"

"எங்க ஸ்டேஷன்ல எல்லாரும் சேர்ந்து இன்னிக்கு சாயங்காலம் ஆளுக்கொரு ஏ.சி. வாங்கறோம்..."

பெருமூச்சோடு தன் பர்சிலிருந்து கார்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நான் திரும்பி நின்னுக்கறேன்... இதையும் யாராவது வெட்டித் தொலைங்க. கேஸை நானே ஊத்தி மூடிடறேன்!"