கண்ணாடிச் சில்லும் சாரத்துண்டும்

இரண்டாயிரத்து ஐந்து, ஆவணி. நோர்வேயில் ஆராய்ச்சி செய்யும் கிறிஸ்ரினா தன் சொந்த ஊரான நெடுந்தீவின் இறங்குதுறையில் வந்து இறங்கினாள். பெட்டிக்குள் ஒரு நுணுக்குக்காட்டி, பற்றரியில் ஓடும் சின்னப் பம்பு, தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. சில்லுக்குள் மயிரிழை வாய்க்கால்கள். அதில் எண்ணெயும் நீரும் சந்தித்தால் நீர் துளித்துளியாக அறுந்து ஓடும். ஒவ்வொரு துளியிலும் அவள் விதம்விதமாக மாற்றிச் செய்த ஒரு புரதம். கடற்பாம்பின் விஷத்தைக் கவ்விப் பிடிக்கும் புரதம் எந்தத் துளியில் இருக்கிறதோ, அது பச்சையாக ஒளிரும். பிறகு மருந்து செய்யலாம்.

எல்லாம் தம்பி மிரோஜனுக்காகத்தான். மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் டிலோன் வலையில் வந்த கடற்பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வள்ளத்திலேயே செத்தான். இப்போது அதே வலையை இழுப்பவன் மிரோஜன். பாழாய்ப்போன கடல் ஆள் பார்த்தா விடப்போகிறது?

பத்து நாளாக வலையில் ஒரு பாம்பும் படவில்லை. விஷத்துக்கு எங்கே போவது? கடைசியில் தாய் பிலோமினம்மா அலுமாரியைத் திறந்து, டிலோன் இடுப்பில் உடுத்தியிருந்த சாரத்தில் கிழித்து அவனது கடிவாயில் கட்டிய துண்டை எடுத்து நீட்டினாள். அதில் இரத்தமும் விஷமும் கறுத்துக் காய்ந்திருந்தன. கடலில் செத்தவனின் துணியை எட்டாம் நாள் கடலுக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பெற்ற மனம் கேட்காமல் அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

கிறிஸ்ரினா துணியை ஊறவைத்து, அந்த நீரைச் சில்லுக்குள் விட்டாள். ஒளிர்வது தெரிய இருட்டு வேண்டுமென்று பட்டப்பகலில் யன்னல்களைச் சேலையால் அடைத்தாள். அறை முழுக்க உப்பு மணம், பழைய இரத்த மணம்.

துளிகள் ஓடின. எல்லாம் இருட்டு.

ஒன்று ஒளிர்ந்தது.

சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அந்தத் துளியைக் குப்பியில் பிடித்து மூடிவிட்டுப் பம்பை நிறுத்தினாள்.

துளிகள் நிற்கவில்லை.

வயரைக் கழற்றினாள். இன்னும் வந்தன. எல்லாம் பச்சை. இரண்டு சேர்ந்து, ஓர் இடைவெளி. மறுபடி இரண்டு.

தாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிலோமினம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"பிள்ளை, இது டிலோன்ர நாடித்துடிப்பு. வள்ளத்திலை கடைசிமட்டும் அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். எனக்குத் தெரியாதோ?"

அன்று பின்னேரமே துணியைக் கடலில் விட்டார்கள். துளிகள் நின்றன. குப்பியையும் விடச் சொன்னாள் தாய். கிறிஸ்ரினா தலையாட்டினாள், விடவில்லை. தம்பி உயிரோடு இருக்க வேண்டாமா?

மறுநாள் காலை அவளை வழியனுப்பத் துறைக்குத் தாயும் மிரோஜனும் வந்தார்கள். வள்ளம் கரையை விட்டு விலகியது. அவளது உள்ளங்கைக்குள் குப்பி அசைந்தது.

இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.

கரையில் பிலோமினம்மா மிரோஜனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளது முகம் வெளிறியது. கிறிஸ்ரினாவை நோக்கி மற்றக் கையை உயர்த்தினாள்.

இரண்டு விரலைக் காட்டினாள். மடக்கினாள். மறுபடி இரண்டு விரல்.