நசுங்காத நான்காவது பழம்

நான்கு எலுமிச்சம்பழங்களில் மூன்றுதான் நசுங்கின.

உதயகுமார் வண்டியை நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தான். செவிலிமேட்டில் அவன் வீட்டு வாசலில் எந்தக் குறையும் வைக்காமல்தான் பூஜை நடந்தது. மாலை போட்டாயிற்று, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, சூடம் காட்டிப் பூசணிக்காயும் உடைத்தாயிற்று. காமாட்சியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த பழங்களை நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் தன் கையாலேயே வைத்திருந்தான். மூன்று பழங்கள் சாறு தெறித்துச் சப்பையாகிக் கிடந்தன. பின்பக்க இடது சக்கரத்தின் கீழ் இருந்தது மட்டும், ஈரத் தரையில் பதிந்த டயர் தடத்துக்கு நடுவிலேயே, ஒரு கீறல் இல்லாமல் முழுசாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவு கனமான அம்பாசிடர் அந்த ஒரு காலை மட்டும் தூக்கித் தாண்டிப் போனதைப் போல இருந்தது.

அவன் மனைவி ஜெயப்ரியாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏங்க, அத்த எடுத்துக்கினு போய் முச்சந்தில போட்டுட்டு வந்துடுங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்குது."

போட்டிருக்கலாம். ஆனால் அம்மன் பாதத்தில் வைத்துக் கொடுத்த பழத்தை யாராவது தெருவில் எறிவார்களா? நசுங்கினால் திருஷ்டி கழிந்தது, நசுங்காவிட்டால் அம்மனே வண்டியில் குடியிருக்கச் சம்மதித்துவிட்டாள் என்று தனக்குத் தோதாக ஒரு நியாயம் கண்டுபிடித்தான். காஞ்சிபுரத்தில் பிறந்தவன் வேறு எப்படி நினைப்பான்? டிக்கியைத் திறந்து, புதிதாக விரித்திருந்த ரப்பர் பாயின் மேல் பழத்தை வைத்து, பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடினான். எட்டு வயது மகள் அபி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளம்பச்சை நிற அம்பாசிடர். அதே மாதிரி இன்னொரு வண்டி அல்ல, அதே வண்டி, அதே நம்பர். அவன் பத்து வயதுப் பையனாகப் பிள்ளையார்பாளையத்தில் இருந்தபோது, நெய்து முடித்த புடவைகளை வாங்கிப்போகச் சனிக்கிழமைதோறும் பட்டு முதலாளி இந்த வண்டியில்தான் வருவார். கதவைத் திறந்ததும் ரெக்சினும் பெட்ரோலும் மல்லிகையும் புதுப் பட்டும் கலந்த ஒரு மணம் தெருவுக்குள் இறங்கும். மற்ற பிள்ளைகள் அந்த வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். உதயகுமார் அதைப் பார்த்தபடி சோறு மறந்து நின்றான். வளர்ந்து, புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கும் கடை வைத்து, வீடு கட்டி, கல்யாணம் செய்து, இத்தனைக்கும் நடுவில் அந்த மணம் அவன் மூக்கை விட்டுப் போகவே இல்லை.

முதலாளி போன தையில் காலமானார். சின்ன காஞ்சிபுரத்து வீட்டைக் காலிசெய்ய வந்த மகன், கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் பல்லாண்டுகளாகக் கிடந்த வண்டியைக் காட்டினார். அப்பா அதை எடுப்பதையே எப்போதோ நிறுத்திவிட்டாராம். டிக்கியைச் சுற்றி அவரே ஆள் வைத்து வெல்டு அடித்து மூடினாராம். ஏன் என்று கடைசிவரை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையாம். உதயகுமார் அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

வெல்டை அறுத்தது மெக்கானிக் ஜோசுவா. டிக்கிக்குள் ஒன்றுமே இல்லை. நெடுநாள் அடைத்து வைத்த சூடு மட்டும் ஒரு மூச்சாக வெளியே வந்தது. ஜோசுவா மூடியை முழுக்கத் தூக்கி அதன் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். பெயிண்ட் கோடு கோடாக உரிந்து, நான்கு நான்காக, ஒன்றன்மேல் ஒன்றாக, இரும்பு தெரியும்வரை சுரண்டியிருந்தது.

"இன்னாணா இது? உள்ளேர்ந்து பறாண்டுன மாதிரி இருக்குது."

"எலியா இருக்கும்," என்றான் உதயகுமார். "மேல பெயிண்ட் அடிச்சிடு."

வெல்டு வைத்த டிக்கிக்குள் எலி எப்படிப் போகும் என்று ஜோசுவா கேட்கவில்லை. அவன் முகம் கேட்டது. உள்ளும் புறமும் இரண்டு கோட்டு அடித்துப் பளபளவென்று வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனவன், அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

மூன்று நாட்கள் உதயகுமார் வாழ்ந்தான். வேறு வார்த்தை அதற்குக் கிடையாது. மாலை வெயிலில் பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை மெதுவாக உருட்டினான். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில்வரை குடும்பத்தோடு போய் வந்தான். டவுன் பஸ் டிரைவர்கூட எட்டிப் பார்த்துக் கையாட்டினார். கியரைக் கீழே இழுக்கும்போது உள்ளங்கையில் ஏறும் அந்த அதிர்வை, இருக்கையின் ஸ்பிரிங் முனகுவதை, எஞ்சின் சூடானதும் எழும் எண்ணெய் வாடையை அவன் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி அனுபவித்தான். நான்காம் நாள் மத்தியானம் துடைப்பதற்காக டிக்கியைத் திறந்தான்.

பழம் இல்லை. தோல் இருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லாமல் உறிஞ்சி எடுத்த தோல். அதன் மேல் சின்னச் சின்னப் பல் தடங்கள், வரிசையாக. மேல்வரிசையில், நடுவில், ஒரு பல்லுக்கு மட்டும் தடம் இல்லை.

அவன் டிக்கியை மூடினான். சாவியைத் திருப்பினான். போர்டிகோவில் வெயில் தகித்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

யாருடைய பல் அது என்று அவனுக்குத் தெரியும்.

சங்கரி அவன் தங்கை. அப்போது ஆறு வயது, முன்பல் விழுந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், வைகாசி கருட சேவையன்று, ஊரே பெருமாளைப் பார்க்கப் போய்த் தெரு காலியாகக் கிடந்தது. முதலாளியின் டிரைவரும் வண்டியைத் தெருவில் நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அவனும் சங்கரியும் ஏறினார்கள். ஸ்டியரிங் ஒன்றுதான். தனக்கும் வேண்டும் என்று அவள் அழுதாள், தராவிட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றாள். ஒளிந்து விளையாடலாம் என்று அவன்தான் டிக்கியைத் திறந்தான். நூறுவரை எண்ணு, எண்ணி முடித்ததும் நான் வந்து திறக்கிறேன் என்றான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஏறிச் சுருண்டு படுத்தாள். அவன் மூடிவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் அதற்குமுன் வந்ததில்லை.

டிரைவர் வந்துவிட்டார். அவன் மறுபக்கக் கதவால் இறங்கிச் சுவரோரம் பதுங்கினான். வண்டி கிளம்பியது. ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். கத்தினால் இனி அந்த வண்டியைத் தொடவே விடமாட்டார்கள்.

மத்தியானம் அம்மா கேட்டபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் சோற்றை மென்றுகொண்டே சொன்னான்: "கருட சேவை பாக்கப் போயிட்டாமா." அவ்வளவுதான். பழி கூட்டத்தின் மேல் விழுந்தது. ஒரு மாதம் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடினார்கள். அடுத்த சனிக்கிழமை முதலாளி ஜீப்பில் வந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் புடவைகளை வாங்கிக்கொண்டு போனார். சங்கரியை நினைத்து வீடே அழுதது. அவனும் அழுதான், ஆனால் அவன் கேட்க நினைத்ததெல்லாம் கார் எங்கே என்றுதான்.

இப்போது அந்த டக் டக் நிற்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு பழம் வைத்தால் அடங்கியது. தினம் ஒன்று வைத்தான். பிறகு இரண்டு. பிறகு பகலுக்கு இரண்டு, சாயங்காலம் இரண்டு. பழம் வாங்கி வாங்கி எங்கே போகிறது என்று ஜெயப்ரியா சலித்துக்கொண்டாள். மறுபடியும் வெல்டு வைக்கலாம் என்று ஒரு நாள் யோசித்தான். வெல்டு வைத்தால் புதுப் பெயிண்ட் கருகிக் கொப்புளித்துவிடும். அந்த யோசனையை அத்தோடு விட்டான்.

ஒரு மாலை அபி வந்து அவன் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, சங்கரின்னா யாரு?"

அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ஜெயப்ரியாவுக்கே தெரியாது. யார் சொன்னது என்று கேட்டான்.

"அவளேதான் சொன்னா. டிக்கில எண்ணிக்கினே இருக்குறாப்பா. தொண்ணூத்தொம்பது வந்ததும் திரும்ப ஒண்ணுலேர்ந்து."

அவன் அபியை இழுத்து அணைத்துக்கொண்டான். அவள் தலைமுடியில் ஷாம்பு வாசனைக்கு அடியில் எலுமிச்சை வாடை. அவன் பயந்துவிட்டான், அப்பட்டமாகப் பயந்தான். வண்டிப் பக்கம் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினான். காரை விற்றுவிடலாம் என்ற நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. இவள் ஒருத்தியை மட்டும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பழகிவிடும் என்று எண்ணினான்.

வைகாசி கருட சேவை வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்நாயகியோடு ஜெயப்ரியா விடியுமுன்னே கிளம்பிப் போனாள். அவன் போகவில்லை. அந்த நாளில் அவன் வீட்டை விட்டு வெளியே போனதே கிடையாது. காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது, தெருவில் ஒரு ஆள் இல்லை, எங்கோ தூரத்தில் வாணம் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு அபியை எழுப்பப் போனான். பாயில் போர்வைதான் கிடந்தது. பாத்ரூமில் இல்லை. மாடியில் இல்லை.

டக். டக்.

போர்டிகோவுக்கு ஓடினான்.

டக்.

"அப்பா." டிக்கிக்குள்ளிருந்து அபியின் குரல். "அப்பா, மூச்சு முட்டுது."

சாவியைப் போட்டான். திரும்பவில்லை. மறுபடி திருகினான். திரும்பவில்லை. இரும்பு கொதித்துக் கையைச் சுட்டது. சுவரோரம் கடப்பாரை சாய்ந்திருந்தது. எடுத்தான். மூடியின் விளிம்பில் முனையை வைத்தான்.

இளம்பச்சை. இரண்டு கோட்டு. அதில் அவன் முகம் தெரிந்தது.

ஒரு கணம்தான். கடப்பாரையைக் கீழே வைத்தான். பூட்டில் எண்ணெய் விட்டால் திறந்துகொள்ளும். "இரும்மா, தோ வந்துட்டேன்," என்று சமையலறைக்கு ஓடினான். தேங்காய் எண்ணெய்க் குப்பியைத் தேடினான். பின்னால் அப்பா அப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது மூடி ஒரு சாண் திறந்திருந்தது.

தூக்கினான். உள்ளே இருட்டு. அத்தனை வெயிலில் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. அழுகிய எலுமிச்சை வாடை. அடிக்கோடியில் ஒரு பாவாடையின் ஓரம் தெரிந்தது. கையை நீட்டினான். எட்டவில்லை. ஒரு முழங்காலை வைத்தான். எட்டவில்லை. இன்னொரு முழங்கால். டிக்கி இவ்வளவு ஆழமா? தோள் உள்ளே. தலை உள்ளே. பிடித்துவிட்டான்.

துணி கையில் பொடிந்தது.

மூடி இறங்கியது. மெதுவாக, அழுத்தமாக. டக்.

அப்போது முன்கதவு திறக்கும் சத்தம். சின்ன உடம்பு ஒன்று இருக்கையில் ஏறி உட்கார, ஸ்பிரிங் முனகியது. ஹாரன் அடித்தது. ஒருதரம், இன்னொருதரம். அபி சிரித்தாள். முன்னாலிருந்து சிரித்தாள்.

தட்டினான். கத்த வாயைத் திறந்தான். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை, சுள்ளிபோல் காய்ந்த கை, அவன் வாயைப் பொத்தியது.

எவ்வளவு நேரமோ. இரும்பு காய்ந்தது. கேட் திறந்தது. செருப்புச் சத்தம். ஜெயப்ரியா.

"அபி, வண்டில இன்னாடி பண்ணிக்கினு இருக்குற? இந்தா, புளியோதரை. அப்பா எங்க?"

அபி மென்றுகொண்டே சொன்னாள்.

"கருட சேவை பாக்கப் போயிட்டாருமா."

உதைத்தான். பலம் கொண்ட மட்டும் உதைத்தான். செருப்புச் சத்தம் நின்றது.

"இன்னாடி அது, டிக்கில சத்தம்?"

"எலியா இருக்கும்மா."

செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போனது. சின்னச் செருப்பும் பின்னாலேயே போனது. கதவு சாத்தினார்கள்.

மூடியைச் சுரண்டினான். புதுப் பெயிண்ட் நகத்தடியில் சுருள் சுருளாக வந்தது. அதற்குக் கீழே பழைய கோடுகள். நான்கு நான்காக. விரலுக்குத் தட்டுப்பட்டன.

வாயைப் பொத்தியிருந்த கை விலகியது. இருட்டில் அவன் உதட்டைத் தேடி, பாதி சப்பிய எலுமிச்சையை உள்ளே திணித்தது. காதுக்குப் பக்கத்தில், முன்பல் இல்லாத வாயிலிருந்து காற்று வந்தது.

"தாகமா இருக்கும், சப்பிக்கோண்ணா. எண்ணு. நூறு வந்ததும் வந்து திறப்பாங்க."