மூன்றாவது கார்டு ரீடர்

சுயம்புராஜ் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மனைவி தங்கபாய் கட்டில் ஓரத்தில். கொட்டாரம் ஊரில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரிஜா தரையில், சுவிட்ச் பெட்டிக்குக் கீழே. ஜன்னலோர நாற்காலி காலி. அது மகள் நந்தனாவுடையது.

முட்டம் பாறைக்குப் படம் எடுக்கப் போன அவள் திரும்பவில்லை. மீனவர் வலையில் சிக்கி வந்தது கேமரா மட்டும், அதுவும் செத்திருந்தது. உள்ளே ஒரு மெமரி கார்டு. ஊரையெல்லாம் படம் பிடித்தவளுக்கு முகம் தெளிவாய்த் தெரிய ஒரு படமில்லை. இதிலாவது இருக்காதா என்பதுதான் தங்கபாயின் ஒரே ஏக்கம்.

முதலில் வாங்கிய ரீடர் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்ததில் விளக்கு எரிந்தது. படம் பாதி திறந்து சாம்பல் நிறத்தில் நின்றுபோனது. துடைத்து, ஊதி, திருப்பித் திருப்பிச் செருகி அவருக்குக் கை ஓய்ந்தது.

“எல்லாக் கார்டும் ஏறும்னு போட்டிருந்தா எதுவும் ஒழுங்கா ஏறாது அண்ணாச்சி. இது எஸ்டி கார்டுக்கு மட்டும் உள்ளது,” என்று பிரிஜா மூன்றாவதை நீட்டினாள்.

திறந்தது. பாறை, அலை, கலங்கரை விளக்கம். எதிலும் அவள் இல்லை. சுயம்புராஜ் எரிச்சலோடு கடைசிப் படத்தைத் தட்டினார்.

அதில் இந்த அறை இருந்தது.

கணினி முன் அவர், கட்டிலில் தங்கபாய், தரையில் பிரிஜா. காலி நாற்காலியிலிருந்து எடுத்த படம்.

அறையில் கடல் வாடை அடித்தது.

பிரிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கபாய் மட்டும் எழுந்து, நிலைக்கண்ணாடியை இழுத்து நாற்காலிக்கு எதிரே நிறுத்தினாள்.

“கார்டை எடுத்துட்டு இன்னொருக்கா போடுங்க.”

புதிதாய் ஒரு படம். கண்ணாடிக்குள் ஈரம் சொட்டும் சுடிதார். வெளுத்து ஊறிய விரல்கள்.

முகத்தை மறைத்தபடி கேமரா.

“ஏட்டி மக்கா,” தங்கபாய் நாற்காலியைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். “அதக் கொஞ்சம் எறக்கு.”

நாற்காலி கிரீச்சிட்டது.

சுயம்புராஜ் கார்டைப் பிடுங்கினார். தங்கபாய் காலைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்கவில்லை. பெங்களூரிலிருக்கும் மகன் சிவபிரசாதுக்கு எழுதினார்: ‘இதைத் திறக்காதே. அம்மா கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வை.’ கார்டையும் கடிதத்தையும் உறையிலிட்டு, பசை தடவி, மேலே டேப்பும் சுற்றி, கூரியர் கடையில் கொடுத்தார்.

கடைக்காரர் முத்திரை குத்தி உறையை மூட்டைக்குள் போட்டார். மூட்டை வண்டியில் ஏறியது.

மூட்டைக்குள்ளிருந்து ‘க்ளிக்’ என்றது.

அம்மா கேட்டபடி அவள் கேமராவை இறக்கி, முகம் தெரிய எடுத்த படம் அது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கை நீட்டினார். வண்டி வளைவு திரும்பிவிட்டது.